வெண்டைத் தோட்டத்து வெள்ளைத் தூள்

போன மாதம் திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் பம்புசெட்டு அறையை இடித்தபோது, பரணிலிருந்து விழுந்த துருப்பிடித்த டப்பாவிலிருந்து அந்தப் பூச்சிமருந்து நெடி கிளம்பியது. எங்கள் வெண்டைத் தோட்டத்துக் காலைகள் அப்படியே கண்முன் வந்தன. பனி காயுமுன்பே அம்மா மருந்துத் தூளைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, தப் தப்பென்று தட்டியபடி வரிசை வரிசையாகப் போவாள். இலையெல்லாம் வெளுக்கும், அவள் கை முழங்கைவரை வெளுக்கும், பின்னாலேயே போகும் நானும் அண்ணனும் பிஞ்சுக் காய்களைப் பறித்து, என் பாவாடையில் துடைத்துக் கடித்துக்கொண்டே நடப்போம்.

இப்போது அங்கே செடி எதுவும் இல்லை. மருந்தடிக்காமல் கீரை போடலாமென்று அண்ணன் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தான். மறுவாரம் முடிவு வந்தது.

"அந்தக் காலத்து மருந்து இன்னும் மண்ணுலயே இருக்குதாம்மா. கீரை போட வேணான்றாங்க" என்றான்.

அம்மா கேட்டாள்: "மண்ணு கிடக்கட்டும்பா. நான் தூவிக்கினே போவேன், நீங்க பின்னாலயே காயைத் தின்னுக்கினு வருவீங்களே?"

"எங்களுக்கு ஒண்ணும் ஆகலியேம்மா" என்றான் அண்ணன். அன்று அவள் சோற்றில் கை வைக்கவில்லை.

நான் இருக்கும் ஊருக்குத் திரும்பிவிட்டேன். அம்மா தினமும் போன் செய்கிறாள். எடுத்ததும், "உடம்பு ஏதாவது பண்ணுதாம்மா?" என்றுதான் கேட்கிறாள்.