பெட்டியக்கா வீட்டுக் கதவில் ஒரு பெருக்கல் குறி

பெட்டியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தோளில் போலியோ சொட்டு மருந்துப் பெட்டியோடு சந்து சந்தாக அலைந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பேர். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. அந்தக் காலத்தில் அவளுக்கு ஜோடி சாக்பீஸ் அக்கா. பெட்டி இவளிடம், சாக்பீஸும் குழந்தைகளின் சுண்டு விரலில் வைக்கும் மையும் அவளிடம். மருந்து கொடுத்தாயிற்றென்றால் கதவில் வட்டம், குழந்தை விடுபட்டிருந்தால் பெருக்கல் குறி. சாக்பீஸ் அக்கா போடும் குறியில் மட்டும் ஒரு வால் நீண்டு வளைந்திருக்கும்.

"பெருக்கல் போட்டா திரும்ப வரணும்டி. செத்தாலும் வரணும்" என்பாள் அக்கா. சொன்னவளுக்கு ஆயுசு கெட்டியில்லை. ஒரு மழைக்கால முகாமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதித் தெருவிலேயே போய்ச் சேர்ந்தாள். பெட்டியக்கா அழுது தீர்த்தாள். பிறகு மேற்பார்வையாளர் ஆனாள், தேர்வெழுதித் திட்ட அதிகாரியும் ஆனாள். பதவி ஏற ஏறக் கால் தரையில் படுவது குறையும் அல்லவா? அவள் நடந்த தெருக்களெல்லாம் அலுவலகச் சுவரில் வரைபடமாகத் தொங்கின. நாள் கழித்துப் பிறந்த மகளைக் கணவன்தான் பார்த்துக்கொண்டான்.

இந்த முறை முகாம் முடிந்த கையோடு, பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்குக் கால் துவண்டுவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று வீடு திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கதவில் பெருக்கல் குறி. வால் வளைந்திருந்தது. அழுத்தித் துடைத்தாள். காலையில் பார்த்தால் மறுபடி இருந்தது.

அந்தத் தெருவுக்கு மருந்து கொடுக்கும் குழுப் பெண்ணுக்குப் போன் போட்டாள். "எங்க வீட்டுக் கதவுல யாரும்மா குறி போட்டது?"

"உங்க வீட்டுப் பக்கம் நாங்க வந்ததே இல்லையே மேடம். அதிகாரி வீட்டுக் கதவப் போயி தட்டுனா நல்லாவா இருக்கும்? நீங்களே குடுத்திருப்பீங்கன்னு விட்டுருவோம்."

கணவனிடம் திரும்பினாள். "பாப்பாவுக்கு முகாம்ல மருந்து குடுத்தாங்கல்ல?"

"நீ குடுத்திருப்பேன்னுல்ல இருந்தேன்? ஊருக்கே குடுக்கிறவ நீ. பொறந்தப்ப ஆஸ்பத்திரியில குடுத்ததோட சரி."

ஊர்க் குழந்தைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியவள், சொந்த வீட்டில் கோட்டை விட்டிருந்தாள். பரணிலிருந்த பழைய பெட்டியை இறக்கிக்கொண்டு மருந்துக் கிடங்குக்கு ஓடினாள். ஐஸ் கட்டியும் குப்பியுமாகத் திரும்பியபோது மகள் தன் காலில் ஓடிவந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

வாயில் இரண்டு சொட்டு விட்டாள். விரலில் வைக்க மை எடுத்து வரவில்லை. பெட்டிதானே அவள் பொறுப்பு. போகட்டும், வட்டமாவது போடுவோம் என்று சாக்பீஸோடு வாசலுக்குப் போனாள்.

கதவில் பெருக்கலைக் காணோம். அதே இடத்தில் வட்டம் இருந்தது. முடிகிற இடத்தில் ஒரு வால்.

உள்ளே ஓடினாள். மகள் தரையில் உட்கார்ந்து சுண்டு விரலை ஊதிக்கொண்டிருந்தாள். நகத்தில் மை ஈரமாக இருந்தது.

"பெரியம்மா வச்சாங்க" என்றாள்.

பெட்டியக்காவுக்குப் பயத்தை முந்திக்கொண்டு அழுகைதான் வந்தது.