விற்பனைக்கு நின்ற வேனில் ஏறி உட்கார்ந்தவர்கள்

என் வேனை விற்றுவிடுவது என்று வீட்டில் முடிவானது. என்னைக் கேட்காமல் எடுத்த முடிவு. கிளட்சை மிதித்து மிதித்து என் முழங்கால் தேய்ந்துவிட்டதாம், இனி ஓய்வெடுக்க வேண்டுமாம். ஆலங்காயத்துக்கும் மலைக்குமாகக் கல்யாணக் கூட்டத்தையும் வாத்தியார்களையும் ஏற்றிக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியவன் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வான்? அதை யாரும் யோசிக்கவில்லை. மனைவியே ஓர் அட்டையில் ‘விற்பனைக்கு’ என்று பெரிதாக எழுதி, கீழே தன் போன் நம்பரைப் போட்டாள். என் நம்பர் என்றால் வாங்க வருகிறவர்களிடம் சண்டைக்குப் போவேன் என்றாள். போயிருப்பேன்தான்.

மலையில்தான் பழைய வண்டிக்கு ஆள் கிடைக்கும் என்று ஜமுனாமரத்தூரில் கொண்டுபோய் நிறுத்தினோம். அங்கே சாலையோரம் ஏற்கெனவே ஒரு வரிசை நின்றது. ஜீப், டெம்போ, சீட் இல்லாத பைக் என்று எல்லாவற்றிலும் ஓர் அட்டை. சந்தை நாளில் பஸ் ஏறிப் போய், என்ஜினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருவேன். “இன்னிக்கும் ஒருத்தரும் போன் பண்ணலிங்க” என்று மனைவி சொல்வாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன்.

இப்படி இருக்கையில், சாலையை அடைத்து விற்பனைக்கு நிறுத்திய வண்டிகளை ஊராட்சியே எடுத்துவிடும் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். எடுத்துப்போன வண்டி அலுவலகத்துக்குப் பின்னால் மழையில் கிடந்து, கடைசியில் இரும்பு விலைக்கு ஏலம் போகும். அடுத்த சந்தை நாளில் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். அது காவலூர் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பாதி வரிசை காலி. கயிறு கட்டிய டிராக்டர் ஒன்று என் வேனுக்கு முன்னால் வந்து நின்றிருந்தது.

வேனுக்குள் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. இறக்கத்தைப் பார்த்து ஒரு வண்டி நின்றால் அது கீழே போகிற வண்டி. ஏறி இடம்பிடித்துக்கொள்ள வேண்டும், ஆள் நிறைந்ததும் டிரைவர் எங்கிருந்தாவது வருவார். என் வேனின் பேட்டரிக்கு உடம்பு சரியில்லை என்பதால் நான் எப்போதும் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவேன். கதவுப் பூட்டும் போய் வெகுநாளாகிறது. கோழி, புளி மூட்டை, பலாப்பழம் சகிதமாக ஏறிவிட்டார்கள்.

“எறங்குங்கம்மா, இது விக்கிற வண்டி” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் ஊராட்சி அதிகாரி.

முன் சீட்டில் இருந்த அம்மாள் அசையவில்லை. “விக்கட்டும். எங்கள ஆலங்காயத்துல வுட்டுட்டு அப்பறமா விக்க சொல்லு.”

“டிராக்டர்ல கட்டி இழுக்கப் போறோம்மா!”

“எதுல கட்டினா இன்னா? சீக்கிரம் இழு. வெயில் ஏறுது.”

அதிகாரி முன்கண்ணாடியில் அட்டையைத் தேடினார். காணவில்லை. என்னைப் பார்த்ததும், “வண்டி உங்களுதா? விக்கிறதா, ஓட்றதா? ஒண்ணு சொல்லுங்க” என்றார். பாவம், அவருக்கும் அந்த அம்மாளிடமிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது.

விற்பது என்று சொன்னால் டிராக்டர். ஓட்டுவது என்று சொன்னால் வீட்டில் மனைவி. டிராக்டரை விட மனைவியிடம் எனக்குப் பயம் அதிகம். ஆனாலும், “ஓட்றதுதாங்க” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். இறக்கத்தில் இரண்டடி உருண்டதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. அத்தனை வளைவிலும் முழங்கால் சுருக்கென்றது. எனக்கோ பாட வேண்டும் போல இருந்தது.

ஆலங்காயத்தில், எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இறக்கிவிடச் சொன்னாள் முன்சீட்டு அம்மாள். பலாப்பழத்தைத் தூக்கினாள். பால் ஒட்டி சீட் கெட்டுப்போகக் கூடாதே என்று அடியில் என் அட்டையை விரித்து வைத்திருக்கிறாள், புண்ணியவதி. சத்தம் கேட்டு வெளியே வந்த என் மனைவி அட்டையைப் பார்த்தாள், ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்தாள்.

நான் முந்திக்கொண்டேன். “நான் இன்னா பண்றது? வாங்கத்தான் ஒருத்தனும் போன் பண்ணலியே!”

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். “வேனா? அது வித்துப்போச்சிங்க” என்று பழகிய குரலில் சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம்தான் நான் எதிரில் இருப்பது அவளுக்கு உறைத்தது.

“இப்டி எத்தினி பேருகிட்ட சொன்ன?”

“எல்லாருகிட்டயும்தான்.” புடவைத் தலைப்பால் சீட்டில் ஒட்டியிருந்த பலாப்பாலைத் தேய்க்க ஆரம்பித்தாள். “மொத ஆளு கேட்டப்பவே மனசு வர்ல. நீங்க நாள் பூரா வூட்ல ஒக்காந்தா, அப்பறம் நான் எங்க போறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தலையைத் தூக்காமல், “முட்டி வலிக்குதா?” என்றாள்.

உயிர் போகிற வலி. “இல்லவே இல்ல” என்றேன்.