உடையாத ரகம்

எங்கள் நைனாவுக்குத் துறைமுகக் கிடங்கில் சரக்குகளை ரகம் பிரித்து எழுதும் வேலை. அச்சுப் பிழையான படிவங்களை ராயபுரத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா அடுப்புப் பற்றவைக்க எடுத்தது போக மிஞ்சியவை எனக்கு. ரகம், வந்த இடம், உடையுமா, வைக்கவேண்டிய இடம் என்று அதில் நாலு கட்டம். ஒன்பது வயதில் எனக்கு ஒரு நாடே கைவசம் இருந்தது, கடலுக்கு அடியில். அதன் ஜனங்களை அந்தக் கட்டங்களில் அடைப்பதுதான் என் உத்தியோகம்.

கண்ணாடி வயிற்றுக்காரர்கள்: உடையும். உப்பில் வீடு கட்டுகிறவர்கள்: மழைக்கு ஆகாது. பகலில் சிறகும் இரவில் செதிலும் முளைக்கிற ஒரு கூட்டத்தைப் பறவையில் சேர்ப்பதா, மீனில் சேர்ப்பதா என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் கேட்டால் முதுகில் ஒன்று விழும்.

அந்த ஐப்பசியில்தான் எண்ணூரிலிருந்து அத்தை வந்தாள், நைனாவின் தங்கை. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இடது மணிக்கட்டில் துணிக்கட்டு. கிணற்றடியில் வழுக்கிவிட்டதாம், கை சரியாகும்வரை இருப்பாளாம். பெரியவர்களும் வழுக்கி விழுவார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

"இன்னாடி எழுதிகினு கீற?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டாளே ஒரு கேள்வி! "முட்டையத் தண்ணில போடுமா, மரத்துல போடுமா?"

அடடா, எனக்குத் தோன்றவே இல்லையே! தண்ணீரில்தான் என்றேன். "அப்ப மீனு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஒரு வாரத்தில் தன்னையும் சேர்க்கச் சொன்னாள். ரகம்: இரண்டு மூச்சு, தண்ணீரிலும் தரையிலும் பிழைக்கும். வந்த இடம்: எண்ணூர். உடையுமா என்பதற்குச் சோதனை வேண்டுமே! "கல்யாணமாகி எத்தினி வாட்டி வியுந்த அத்தே?" என்றேன்.

"கிணத்தாண்டயா?" என்றவள், கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினாள். "நாலு." எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையின் புருஷன், எண்ணூர் மாமா, பூவும் அல்வாவுமாக வந்தார். பேச்சு சுமுகமாகத்தான் நடந்தது. "பொட்டிய எடுத்துக்கோம்மா, ரயிலுக்கு நேரமாவுது," என்றார் நைனா. அத்தை பெட்டியோடு கதவோரம் வந்து நின்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் போய்விட்டால் என் நாட்டைப் பற்றி யார் கேட்பார்கள்? என்னைச் சமாதானம் செய்ய நினைத்த மாமா, "இன்னா கண்ணு கையில? படி, கேக்கலாம்," என்றார்.

அத்தையின் படிவத்தையே படித்தேன், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில். "உடையுமா: உடையாது. கல்யாணமான ஒரு வருஷத்தில் கிணற்றடியில் நாலு தடவை விழுந்தும் உடையவில்லை."

நைனா அல்வாப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "நாலு தபாவா?"

"குயந்த இன்னாவோ ஒளறுது மச்சான்," என்று மாமா சிரித்தார். நைனா அவரைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்து, "மெய்யாலுமா?" என்றார்.

"நான் போவல அண்ணே," என்றாள் அத்தை.

அம்மா வந்து, பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோனாள். மாமா தனியாகத்தான் ரயிலேறினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் நாட்டை விட்டுப் போக மனசில்லாமல்தான் அத்தை நின்றுவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ரொம்ப நாள் அப்படித்தான் நம்பவும் செய்தேன். யாராவது அத்தையிடமே வந்து கேட்டால், அவளும் ஆமாம் என்றுதான் சொன்னாள்.