பதினேழாவது வரி

போன மாதம் பழனிசெட்டிபட்டி மாவு மில்லில் மிளகாய் அரைக்க வரிசையில் நின்றிருந்தேன். பாக்கியம் சிஸ்டர் தெருவைக் கடந்து வேகமாக வந்தார். அவரும் நானும் தேனியில் ஒரே ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை பார்த்தவர்கள். அவர் நர்சு, நான் லேப் டெக்னீசியன். மில் இரைச்சலில் அவர் சொன்னது காதில் விழவில்லை. வெளியே அழைத்துப் போய் மறுபடி சொன்னார்.

"வேலண்ணே, நம்ம டாக்டரம்மா போயிட்டாக. காலைல போடியில, அவுக அண்ணன் வீட்ல. நெஞ்ச அடைக்குதுன்னு சொன்னாகளாம். அம்புட்டுத்தான்."

அதற்கு நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "அந்தப் பச்சை நோட்டு இப்ப எங்கன இருக்கு?" என்றேன். பாக்கியம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அழுகை எனக்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம்.

டாக்டர் கிருபாவதியை அறிந்தவர்களுக்கு இந்தப் பயம் வேடிக்கையாகத் தோன்றலாம். ஏனென்றால் ஆஸ்பத்திரியில் பயத்துக்குப் பேர்போனவர் அவர்தான். போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்துப் பெண். என்னைவிட ஆறு வயது இளையவர். வார்டு பார்த்து முடித்து வாசல்வரை போவார், திரும்பி வந்து கடைசிக் கட்டில்காரரின் நாடியை இன்னொரு தடவை பிடிப்பார். மறுபடி வாசல், மறுபடி கட்டில். வீரபாண்டித் திருவிழா வந்தால் அவருக்குத் தூக்கமே போய்விடும். எந்தெந்தப் பெரியவர்கள் அந்த வெயிலில் அக்கினிச்சட்டி எடுக்கப்போகிறார்களோ என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்துக்கொண்டிருப்பார். 'பயந்தாங்கொள்ளி டாக்டர்' என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும்.

"பயப்படுறது தப்பில்லண்ணே. பயந்ததை வெளிய சொல்லாம இருக்கிறதுதான் தப்பு" என்பார்.

அவரை அதிகம் பயமுறுத்தியது இரத்தம் இல்லாமைதான். அன்றைக்குத் தேனியில் இரத்த வங்கி கிடையாது. மதுரைக்குக் கார் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் சொந்தக்காரர்கள் கை நீட்ட வேண்டும். ஊசியைப் பார்த்ததும் பாதிப்பேர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடையைக் கட்டிவிடுவார்கள். அதனால் அவர் டெக்ஸ்ட்ரான் பாட்டிலை நம்பினார். சர்க்கரையிலிருந்து செய்கிற மருந்து அது. இழந்த இரத்தத்தின் இடத்தை நிரப்பி, பிரஷர் விழாமல் சில மணி நேரம் தாங்கும். இரத்தத்தின் வேலையை அது செய்யாது. இதை ஜனங்களுக்கு அவர் விளக்கிய விதத்தை நான் மறக்கவே மாட்டேன்.

"கம்பம் பஸ்ல ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட்டுப் பிடிக்கிறீகள்ல, அது மாதிரிதான் இந்தப் பாட்டிலு. துண்டு சீட்டைப் பிடிச்சு வைக்கும். உக்கார ஆளு வரணும்ல? ரத்தம் குடுங்க."

அன்றிலிருந்து அது 'துண்டுத் தண்ணி' ஆயிற்று. பிரஸ்கிரிப்ஷனில் அந்தப் பெயரை எழுதாததுதான் பாக்கி.

வயதானவர்களுக்கு அந்தப் பாட்டில் எவ்வளவு தாங்கும் என்பது எந்தப் புத்தகத்திலும் தெளிவாக இல்லை என்று அவருக்கு ஒரே கவலை. இளவட்டத்தின் இதயம் கூடுதல் நீரைத் தள்ளிவிடும், எழுபது வயது இதயம் தள்ளுமா? அதற்காக ஒரு பச்சை அட்டை நோட்டுப் போட்டார். ஆளுக்கு ஒரு வரி. பாட்டில் ஏற்றும்முன் பிரஷர், பின் பிரஷர், மூச்சு எண்ணிக்கை, பிரிந்த சிறுநீர். வயதுக் கட்டத்தில்தான் சிக்கல். எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் வயது கேட்டால் எல்லோருக்கும் அறுபதுதான். ஆகவே முல்லைப் பெரியாற்று அணை திறந்த வருடத்தை வைத்து அவர் வேறு மாதிரி கேட்பார். "பெரியாத்துத் தண்ணி மொத மொத நம்ம பக்கம் வந்தப்ப நீங்க எப்படி இருந்தீக?" ஒருவர் ஆத்தா இடுப்பில் இருந்து பார்த்தேன் என்பார். இன்னொருவர் அப்போதே மாடு மேய்த்தேன் என்பார். அப்படியே எழுதிக்கொள்வார். 'தண்ணீர் வந்தபோது இடுப்பில்', 'தண்ணீர் வந்தபோது மேய்ச்சலில்'. மதுரையில் ஒரு பெரிய டாக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாராம். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, திரும்பி வந்து அதே கேள்வியைத்தான் கேட்டார்.

பதினாறு வரிகளில் அவர் கண்டது இது. பெரியவர்களுக்கு ஒரு பாட்டில், அதுவும் மெதுவாக. இரண்டாவது கூடாது. அதோடு எனக்கென்று ஒரு சட்டம் வைத்தார். பாட்டில் ஏற்றும்முன் நோயாளியின் இரத்தத்தைக் குழாயில் எடுத்துவிட வேண்டும். டெக்ஸ்ட்ரான் கலந்த இரத்தத்தில் செல்கள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்ளும். கொடுப்பவர் இரத்தம் சேருகிறதா என்று பார்த்தால், சேருகிற இரத்தமும் சேராததாகத் தெரியும். "மொதல்ல குழாய், அப்புறம் பாட்டில்" என்று தினமும் சொல்வார். அவருடைய நூறு பயங்களில் இதுவும் ஒன்று என்று நான் தலையாட்டி வைத்தேன்.

பதினேழாவது வரிக்காரர் சின்னமனூர்ப் பக்கத்து விவசாயி வீரணன். தண்ணீர் வந்தபோது இடுப்பில். முழங்கால் வலிக்கு வெறும் வயிற்றில் கடையில் விற்கிற வலித் தூளாக வாங்கிப் போட்டு, குடல் புண்ணாகி, ஒரு காலைநேரம் இரத்த வாந்தியோடு வந்தார். விரலில் குத்திய சொட்டை வைத்து குரூப் பார்த்தேன். மகன்கள் இருவருடையதும் சேரவில்லை. மருமகனுடையது ஒரே குரூப். அவனும் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றான். ஆனால் கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணக் குடுத்த வீட்ல பச்சத் தண்ணி வாங்கிக் குடிக்காத ஆளு நானு. அவுக ரத்தத்த வாங்குறதா? எம்மானம் என்னாகுறது? பேசாம என்னய வீட்டுக்குக் கொண்டுபோங்கடா!"

மகள் காலைப் பிடித்து அழுதாள். வார்டே கட்டிலைச் சுற்றி நின்றது. அந்தக் களேபரத்தில் பாக்கியம் மட்டும் எப்படியோ ஒரு நரம்பைக் கண்டுபிடித்துவிட்டு, பாட்டிலும் கையுமாக என்னைக் கேட்டார். "குழாய் எடுத்தாச்சா அண்ணே?"

எடுக்கவில்லை. விரலில் குத்தியதோடு மருமகன் குரூப்பைப் பார்க்க ஓடியிருந்தேன். கிழவரின் நரம்பு மறுபடி கிடைக்குமோ என்னவோ, எனக்காக ஏன் நிறுத்துவது என்று நினைத்து "ஆச்சு" என்றேன். பாட்டில் ஓடத் தொடங்கியது. கால் மணி நேரம் கழித்து, யாரும் பார்க்காதபோது, மற்றக் கையில் குழாய் எடுத்தேன்.

அதற்குள் டாக்டரம்மா கிழவரை வழிக்குக் கொண்டுவந்திருந்தார். "ஐயா, ஒங்க பேரன் ஒடம்புல ரெண்டு வீட்டு ரத்தமும் ஒண்ணாத்தானே ஓடுது? அவனுக்கு என்ன மானம் கொறஞ்சுபோச்சு?" என்று கேட்டிருக்கிறார். கிழவர், "சரி, மாப்ளய வரச் சொல்லுங்க" என்றாராம்.

நான் லேபில் மருமகன் இரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தேன். ஒட்டியது. மறுபடி பார்த்தேன். அப்போதும் ஒட்டியது. சேரவில்லை என்று போய்ச் சொன்னேன். டாக்டரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "குழாய் பாட்டிலுக்கு முந்தித்தானே எடுத்தீக?" என்று கேட்டார். பாக்கியம் பக்கத்தில் நின்றார். நான், "ஆமா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை அவர் நம்பினார். மதுரைக்குக் கார் புறப்பட்டது. முதல் பாட்டில் தீர்ந்தது, பிரஷர் இறங்கியது. இரண்டாவது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலை என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஏற்றினால் இதயம் தாங்காது, ஏற்றாவிட்டால் கார் வரும்வரை உயிர் தாங்காது. ஏற்றினார். அரை மணியில் கிழவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. வாயோரம் நுரை. வெளியே மகள் போட்ட சத்தம் லேபுக்குள் கேட்டது.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. குழாயில் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அடுக்கடுக்காக ஒட்டியிருந்த செல்கள் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. மருமகன் இரத்தம் முதலிலிருந்தே சேர்ந்துதான் இருந்திருக்கிறது. ஓடிப்போய், "சேருது டாக்டர், முன்னால குழாய் சுத்தமில்ல போல" என்றேன். அது மூன்றாவது பொய். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். நீர் பிரிய ஊசி போட்டார். மருமகன் கொடுத்த இரத்தத்தில் மேலே தெளிந்ததை விட்டுவிட்டு, கீழே படிந்த செல்களை மட்டும் சொட்டுச் சொட்டாக ஏற்றச் சொன்னார். பொழுது சாயும்வரை மூச்சை எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீரணன் பிழைத்தார், பதினோராம் நாள் வீட்டுக்கு நடந்து போனார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். உங்கள் சட்டத்தை நீங்களே ஏன் மீறினீர்கள் என்று நிர்வாகம் அவரைக் கேட்டது. "என் முடிவுதான், கணிப்பு தப்பிருச்சு" என்றார். நான் அதே அறையில் ரிப்போர்ட்டுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஆறு மாதம் பெரியவர்களுக்கு அந்தப் பாட்டில் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அந்த ஆறு மாதத்தில் அல்லிநகரத்து அம்மாள் ஒருவர், மதுரையிலிருந்து இரத்தம் வருவதற்குள் இறந்துபோனார். பாட்டில் இருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லித்தான் நானும் என்னைச் சமாதானப்படுத்தி வந்தேன்.

உத்தரவு நீங்கியதும் டாக்டரம்மா பச்சை நோட்டில் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டார். 'குழாய் எடுத்த நேரம், கையெழுத்து.' முதல் பதினாறு வரிகளுக்கு லேப் சீட்டைப் பார்த்து நேரத்தை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். பதினெட்டிலிருந்து அன்றன்றைக்குப் போட்டேன். பதினேழு மட்டும் காலியாக இருந்தது. போடச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் எங்கே பார்த்தாலும் அவருக்கு என் பிரஷர்தான் கவலை. பஜாரில் பத்துப்பேர் நடுவில், "உப்பைக் கொறச்சீகளா? படுக்கையிலருந்து எந்திரிச்சா சுவத்தப் புடிச்சுக்கிறீகளா?" என்று விசாரணை வைப்பார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பேன். பிறகு உப்பைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் பாக்கியம் ஒரு காக்கித்தாள் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். "இத உங்ககிட்டத்தான் குடுக்கணும்னு மேல எழுதி வச்சிருக்காக" என்றார். என் பெயர் அவர் கையெழுத்தில் இருந்தது. நாலு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்தபோது பதினேழாவது வரி அப்படியே இருந்தது. திட்டு இல்லை, குறிப்பு இல்லை. கட்டம் மட்டும் காலி.

அவரை அறிந்தவர்களே, அந்த இரண்டாவது பாட்டில் அவருடைய தவறு அல்ல. அவர் பயந்ததெல்லாம் சரி, நான் பயப்படாததுதான் தவறு. இன்று காலை அந்தக் கட்டத்தில், 'பாட்டில் ஏற்றிக் கால் மணி நேரம் கழித்து' என்று எழுதி, என் முழுப்பெயரைக் கையெழுத்துப் போட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நோட்டும், அவர் பயத்தில் ஒரு பங்கும். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கிக் கோணலாகிவிட்டது. அவர் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன எழுதினேன் என்று பார்த்திருக்கமாட்டார். "கை ஏன் இப்படி ஆடுது? பிரஷர் பாத்தீகளாண்ணே?" என்றுதான் கேட்டிருப்பார்.