தவராசாவுக்குக் குளிராது

ஆக்லாந்தின் மனுரேவாவில், ரயில் பாதையைத் தாண்டி இருக்கும் ஒரு கோல்ட் ஸ்டோரில் நானும் தவராசா அண்ணனும் வேலை பார்க்கிறோம். நான் ஃப்ரீஸருக்கு உள்ளே, அவர் வெளியே. இந்த ஒரு வரியை அவர் வீட்டில் சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் நட்பின் அஸ்திவாரம்.

உள்ளே என்றால் மைனஸ் இருபது. பட்டாணி, மீன், ஐஸ்கிரீம் என்று கூரை வரை அடுக்கியிருக்கும். ஃபோர்க்லிஃப்டில் கொஞ்ச நேரம் ஓடினாலே புருவத்தில் பனி பூத்துவிடும். அண்ணனும் பல வருடம் அங்கே கிடந்து வாடியவர்தான், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பிறகு முழங்கால் தகராறு செய்ததால், சரக்கு ஏற்றும் இடத்தில் ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் கொடுத்து அவரை உட்கார வைத்துவிட்டார்கள். மேசைக்கு அடியில் ஒரு குட்டி ஹீட்டரும் உண்டு. இதெல்லாம் நடந்து ஆறேழு வருடம் ஆகிறது. வீட்டுக்கு மட்டும் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், ஃப்ரீஸர் ஆளுக்கு வீட்டில் கிடைத்த மரியாதை அப்படி. கதவைத் திறந்ததும் இஞ்சி தட்டிப் போட்ட மல்லிக்கோப்பி, முதல் சுடுதண்ணீர்க் குளியல், ஒரு வேலையும் சொல்லாத மனைவி. இந்த ராஜ வாழ்க்கையை ஒரு மேசைக்காக விடுவதற்கு அவர் என்ன பைத்தியமா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஃப்ரீஸர் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சண்டைக்குப் போய் வந்தவர் மாதிரி வீட்டுக்குப் போவார். திங்கட்கிழமை அது துவைத்து மடித்து வரும். வாரம் முழுவதும் என் கண்ணெதிரே ஆணியில் தொங்கும்.

இதோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் அண்ணனுக்கு ஒரு வசனம் உண்டு: “எனக்குக் குளிராது.” அந்த வசனத்தினால் அந்த வீட்டில் வேறு யாரும் ‘குளிருது’ என்று சொல்ல முடியாமல் போயிற்று. ஆக்லாந்தில் பழைய மரவீடுகள் எப்படியென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஜூன் மாதக் குளிர்காலத்தில் வெளியே இருப்பதைவிட உள்ளேதான் அதிகம் குளிரும். அண்ணனின் மனைவி அன்னபாக்கியம் அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். பகல் முழுவதும் ஹீட்டர் கொதிக்கும் இடத்தில் வியர்த்துவிட்டு, சாயங்காலம் இந்த ஐஸ்பெட்டிக்குள் வந்து நுழைய வேண்டும். வீட்டைச் சூடாக்க ஒரு ஹீட் பம்ப் போடுவோம் என்று அவர் கேட்காத குளிர்காலம் இல்லை. மைனஸ் இருபதில் நிற்கிற நானே சும்மா இருக்கிறேன், உங்களுக்கெல்லாம் என்ன என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் வாயை அடைத்துவிடுவார்.

மகள் பிரணவி வேலைக்குப் பக்கம் என்று சொல்லி ஹென்டர்சனில் ஒரு ஃபிளாட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஃபிளாட்டில் ஹீட் பம்ப் இருக்கிறது. இதைத் தற்செயல் என்று நம்பியவர் உலகத்தில் அண்ணன் ஒருவர்தான்.

எனக்கும் என் பங்குக்கு ஒரு கடுப்பு உண்டு. ஃப்ரீஸரிலிருந்து விறைத்துப்போய் வெளியே வந்து, அவர் மேசைக்கு அடியில் கையை நீட்டினால், ஹீட்டரை மெல்லத் தன் கால் பக்கம் இழுத்துக்கொள்வார். “என்ன தம்பி, இதுக்கேயோ?” என்று ஒரு சிரிப்பு வேறு.

இப்படி இருக்கையில், போன பிப்ரவரியில் இரண்டு பேரும் நார்வே புறப்பட்டார்கள். அக்காவின் தங்கை லோஜனா அந்த நாட்டின் வடகோடியில், ஒரு மீன்பிடி ஊரில் இருக்கிறார். பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர். கோடைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் லீவு இல்லை என்ற அக்கா, இந்த முறை நல்ல பனிக்காலமாகப் பார்த்துத் தானாகவே டிக்கெட் போட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வந்தால் ஸ்கூட்டரில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவோம் என்று லோஜனா போனில் சொல்ல, அண்ணன் உடனே ஓம் என்றுவிட்டார். அங்கே ஸ்னோமொபைலைப் பனி ஸ்கூட்டர் என்கிறார்கள். நம் ஆட்கள் பனியை விட்டுவிட்டு வெறும் ஸ்கூட்டர் ஆக்கிவிட்டார்கள். அண்ணன் மனதில் ஓடியதோ கல்யாணமான புதிதில் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போன ஸ்கூட்டர். நான் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோவைத் தேடிக் காட்டினேன். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் பல் வைத்த பட்டை, இரண்டு பக்கமும் பனியை வாரி இறைத்துக்கொண்டு காட்டுக்குள் பறக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதற்கு ஹாரன் இருக்கிறதா என்று கேட்டார்.

இப்போதாவது வீட்டில் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று பரிதாபமாகப் பார்த்தார். ஆறேழு வருடமாகச் சொல்லாததை ஒரு ஸ்கூட்டருக்குப் பயந்து சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அங்கே நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நான் அக்காவை நம்பியிருக்கிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் ஆளுக்கொரு கனத்த உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். போட்டு முடித்ததும் அக்கா யார், அத்தான் யார் என்று லோஜனாவுக்கே தெரியவில்லையாம். கூட்டிப்போக வந்தது ஒரு நார்வேக்காரப் பெண், அண்ணனைவிட ஒரு தலை உயரம். லைசென்ஸ்களைப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகப் பாடம் நடத்தினாள். ஓடுவதற்கு வலது கட்டைவிரலால் அழுத்தும் நெம்புகோல், நிறுத்துவதற்கு இடது கையில் பிரேக், கைப்பிடியைச் சூடாக்க ஒரு சிவப்புச் சுவிட்ச். பின்னால் உட்காருகிறவருக்கும் தனியாகச் சூடான பிடி உண்டு. கடைசியாக, குளிர்ந்தால் உடனே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் இருப்பவர்களைத்தான் நான் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது என்றாள்.

அப்போது அக்கா முன்னால் வந்து, என் கணவர் தினமும் மைனஸ் இருபதில் வேலை செய்கிறவர், அவருக்குக் குளிரே தெரியாது என்று எல்லோரும் கேட்கும்படி ஆங்கிலத்தில் அறிவித்தார். அந்தப் பெண் அண்ணனை மரியாதையோடு பார்த்தாள். அப்படியானால் இவர் கடைசி வண்டியில் வரட்டும், வாலில் ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தலையாட்டினார். தன் வாயால் கட்டிய கோட்டைக்குள் வசமாக மாட்டிக்கொண்டது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

அக்கா ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தன் பிடியின் சூட்டைப் போட்டுக்கொண்டார். அண்ணன் சிவப்புச் சுவிட்சைத் தொடவில்லை. தொட்டால் முன்னால் ஒரு விளக்கு எரியும். பின்னால் இருப்பவருக்குத் தோளுக்கு மேலாக அது தெரியும்.

வண்டிகள் வரிசையாகக் காட்டுக்குள் போயின. மொட்டை மரங்கள், உறைந்த ஏரிகள், மேலே ஏறச் சோம்பல்பட்டுக் கிடந்த சூரியன். முதலில் அண்ணன் ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தாராம். பிறகு பாட்டு நின்றுவிட்டது. எங்கள் ஃப்ரீஸரில் குளிர் ஒரு இடத்தில் நிற்கும், அதன் மேல் நாம்தான் போய் மோத வேண்டும். அங்கே அது காற்றோடு சேர்ந்து எதிரே வந்து அறைந்திருக்கிறது. அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்றை அண்ணனே என்னிடம் சொன்னார். “தம்பி, என்ர கண் தன்ரபாட்டில கதவைத் தேடிச்சுது. எங்கட ஃப்ரீஸருக்குக் கதவு இருக்கெல்லோ.” கதவைத் திறந்தால் மனுரேவா வெயிலும் டீ மெஷினும் இருக்கும். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் உள்ளேயேதான்.

கட்டைவிரல் மரத்துப்போயிற்று. விரல் அழுத்தாவிட்டால் வண்டி ஓடாது. அண்ணன் பழைய ஸ்கூட்டர் ஞாபகத்தில் கைப்பிடியை முறுக்கு முறுக்கென்று முறுக்கிப் பார்த்திருக்கிறார். வண்டி மெதுவாகி நின்றே விட்டது. முன்னால் போனவர்கள் குன்றைச் சுற்றி மறைந்துவிட்டார்கள். அந்த வெள்ளைவெளியில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

ஏன் நின்றது என்று அக்கா கேட்டார். வண்டி சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆறட்டும் என்று அண்ணன் சொன்னார். மைனஸ் இருபத்தைந்தில் வண்டி சூடாகிவிட்டது என்று சொன்ன ஒரே தமிழர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

வாலைக் காணோமே என்று அந்தப் பெண் திரும்பி வந்தாள். அணைந்து கிடந்த சுவிட்சைப் பார்த்தாள். குளிர்கிறதா என்று கேட்டாள். இல்லை, நன்றாக இருக்கிறேன் என்று அண்ணன் ஆங்கிலத்தில் சொல்ல, பல் கிட்டியதால் அது எழுத்தெழுத்தாக வெளியே வந்தது. அவள் மறுபேச்சுப் பேசாமல் அவர் கையுறையை உருவி, வெளுத்துப்போன விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு, அவரைப் பின்னால் உட்காரச் சொன்னாள். அக்கா முன்னால் வந்தார். தினமும் விடிவதற்குள் மோட்டர்வேயில் லாரிகளுக்கு நடுவே காரை விடுகிற மனுஷிக்கு, எதிரே ஒரு வண்டிகூட வராத இந்தப் பாதை ஒரு பொருட்டே இல்லை.

பின்பக்கப் பிடி நல்ல சூடாக இருந்தது. அண்ணன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பெரிய ஏரி ஒன்றின் நடுவில் போகும்போது அக்கா திரும்பாமலே கேட்டார்.

“குளிருதோ?”

அண்ணன் பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டார். அக்கா மறுபடியும் கேட்டார். அவர் காதுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று அண்ணன் மெல்லச் சொல்லிப் பார்த்தார். இரண்டு ஹெல்மெட்டையும் இஞ்சின் சத்தத்தையும் தாண்டி அது போகவில்லை. போயும் இருக்கலாம். அக்கா கேட்கவில்லை என்றார். அண்ணன் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். அதுவும் கேட்கவில்லை என்றார் அக்கா. மூன்றாவது தடவை அண்ணன் அடிவயிற்றிலிருந்து கத்தினார். அந்த நேரம் பார்த்து, மலைக்காட்சி காட்டுவதற்காக முன்னால் எல்லா வண்டியும் நின்று இஞ்சின்கள் அணைந்திருந்தன. அக்காவும் கட்டைவிரலை எடுத்துவிட்டார்.

“குளிருது பாக்கியம், குளிருது.”

அது ஏரி முழுவதும் போய், எதிர்மலையில் பட்டுத் திரும்பியும் வந்தது. அந்த நார்வேப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாளாம்.

அக்கா அப்போதும் திரும்பவில்லை. “வீட்டிலயும் இப்பிடித்தான் இருக்கும்” என்றார்.

ஹீட் பம்ப் போடுவோம் என்றார் அண்ணன். ஓம் என்று சொல்லிவிட்டு அக்கா வண்டியை எடுத்தார்.

ஒரு மரக்குடிலில் நெருப்பு மூட்டி, எல்லோருக்கும் சூடாகப் பழச்சாறு கொடுத்தார்கள். கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே, மிச்சத்தையும் சொல்லிவிடுவது என்று அண்ணன் முடிவு செய்தார். இன்னொன்று இருக்கிறது என்று ஆரம்பித்ததும் அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“ஊத்தையில்லாத ஜக்கெற்றை எத்தினை வருசமாத் தோய்க்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

அண்ணன் பழச்சாற்றைக் குடித்து முடிக்கும் வரை கோப்பையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு நான் அக்காவிடம் கேட்டேன், தெரிந்தும் ஏன் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை என்று. அரிசியைக் களைந்துகொண்டே சொன்னார். “அதைத் தோளில போட்டுக்கொண்டு வாறதில அந்த மனுசனுக்கு ஒரு சந்தோசம். அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன். ஆனா தம்பி, என்ர காலும் விறைக்குதெல்லோ.” இதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் வந்த மரியாதை, அண்ணன் மேல் வந்த கோபத்தைவிடப் பெரியது. கோபமும் சின்னது இல்லை.

குளிர்காலம் தொடங்குவதற்குள் ஹீட் பம்ப் வந்துவிட்டது. பிரணவி சனி, ஞாயிறுகளில் வரத் தொடங்கினாள். அண்ணன் ரிமோட்டைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறாராம். மல்லிக்கோப்பி நிற்கவில்லை. ஆனால் போடுகிற ஆள் மாறிவிட்டார். முறை வைத்திருக்கிறார்கள், அதில் அக்காவின் முறை எப்போது வருகிறது என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

போன திங்கட்கிழமை அண்ணன் அந்த ஜாக்கெட்டை ஆணியில் மாட்டவில்லை. நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டி, தேவைப்படுகிற ஆளிடம் கொடுக்கச் சொல்லி அக்கா சொன்னதாகச் சொன்னார். பளிச்சென்று இருந்தது, சலவைத்தூள் மணந்தது. என்னுடையதைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். ஆறேழு வருடத் துவையலில் உள்ளே இருந்த பஞ்செல்லாம் தேய்ந்து கரைந்துபோய், வெறும் துணிதான் மிஞ்சியிருந்தது. கொஞ்ச நேரத்திலேயே வெளியே ஓடிவந்துவிட்டேன்.

“அண்ணே, குளிருது” என்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஹீட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.