அன்ரனெற்றின் ஐந்து விநாடி

மோர்னிங்சைட்டில் இருக்கிற அன்ரனெற்றுக்கு வயது முப்பத்தொன்று. முதியோர் இல்லத்தில் வேலை. ஆட்களைத் தூக்கித் தூக்கி உரமேறிய தோள். அந்தத் தோளை வைத்துக்கொண்டு நான்கு வருடமாகப் பெஞ்சில் சும்மா குந்தியிருந்தாள். நாடு தழுவிய லீக்கில் ஆடுகிற கிழக்கு ரொறன்ரோ ரிங்கெட் அணிக்கு அவள் இரண்டாவது கோலி, கோல் காக்கிறவள். முதல் கோலிக்கோ ஒரு தடிமன் காய்ச்சல்கூட வந்தது கிடையாது.

ரிங்கெட் என்றால் எங்கள் சனத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது. ஐஸில் பெண்பிள்ளைகள் ஆடுவது. ஹொக்கி மாதிரித்தான், ஆனால் தடி நேராக இருக்கும், அடிப்பது ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தை. வளையத்தோடு ஒருத்தி தனியே ஐஸின் குறுக்கே இருக்கிற இரண்டு நீலக்கோடுகளில் ஒன்றையும் தாண்ட முடியாது, மற்றவளுக்குத் தள்ளிவிட வேண்டும். கோலி பிடித்தால் ஐந்து விநாடிக்குள் கையால் எறிய வேண்டும்.

அன்ரனெற்றின் வியாதியே அந்த ஐந்து விநாடிதான். மன்னாரில் பள்ளிக்கூடத்து வலைப்பந்து ஆடியவள். அதில் மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருந்தால் விசில். பதினாறு வயதில் கனடா வந்து, விழுந்தெழும்பி ஸ்கேற் பழகியும் கை மட்டும் பழையபடிதான். வளையம் வந்ததும் எறிந்துவிடுவாள். பொறுத்து, ஆள் பார்த்து எறி என்று கோச் கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

மார்ச்சில் முதல் கோலியின் மணிக்கட்டு முறிந்தது. மிச்சம் ஒட்டாவா அணியோடு ஒரேயொரு ஆட்டம். வென்றால் ஏப்ரலில் தேசிய இறுதிச் சுற்று, அங்கேயும் கோலுக்கு நிற்பது அன்ரனெற்தான். தோற்றாலோ சமனானாலோ எல்லாம் முடிந்தது. அடுத்த வருடம் மற்றவள் கை சுகமாகி வந்துவிடுவாள்.

ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்த அப்பா நீக்கிலாப்பிள்ளை, ஐஸுக்கு இறங்குகிற வாசலில் மறித்தார்.

"பிள்ளை, வளையம் வடிவாத் தெரியுதோ? இல்லாட்டி என்ரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போ."

"அப்பா, போய்ப் பேசாமல் இருங்கோ!"

அன்று அவள் கோச் சொன்னபடியே செய்தாள். பிடித்த ஒவ்வொரு வளையத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு விநாடி வைத்திருந்துதான் எறிந்தாள். ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று சமனில் நின்றது. கடைசி இரண்டு நிமிடத்தில்தான் ஒன்று கண்ணில் பட்டது. அவள் பிடித்த உடனே ஒட்டாவாக்காரிகள் ஆள் மாற்ற அவசரமில்லாமல் ஆறுதலாகப் பெஞ்சுக்குத் திரும்பினார்கள். இவள் எப்படியும் வைத்திருப்பாள் என்ற நம்பிக்கை.

ஆட்டம் ஒருதரம் நின்றபோது துவாரகாவைக் கூப்பிட்டாள். அணியில் அவளைவிட வேகமானவள் இல்லை.

"துவா, அடுத்த முறை பிடிச்ச கையோடை எறிவன். நீ இடப்பக்கம் நில். நடாஷாவைக் கோட்டுக்கு அங்காலை நிக்கச் சொல்லு."

"அக்கா, கோச் வில் கில் யூ!"

"என்னைத்தானே? நீ ஓடு."

நாற்பது விநாடி இருக்க, ஒட்டாவாக்காரிகள் அடித்த வளையம் அவள் விலாவில் குத்தென்று இறங்கிக் காலடியில் விழுந்தது. பொறுக்கினாள். "ஹோல்ட்! ஹோல்ட்!" என்று கோச் அலறினாள். ஒட்டாவாக்காரி ஒருத்தி ஒரு காலை ஏற்கெனவே பெஞ்சுக்குள் வைத்துவிட்டாள்.

எறிந்தாள்.

துவாரகா பிடித்து நடாஷாவுக்குத் தள்ள, நடாஷா அடுத்த கோட்டுக்கு அப்பால் திருப்பித் தள்ள, அங்கே துவாரகா தன்னந்தனி. வலை குலுங்கியது. நாலுக்கு மூன்று!

மிச்ச நேரத்தில் இன்னொன்றும் வந்தது. அதை அமுக்கிப் பிடித்தவள் இந்தமுறை நேரத்தைத் தின்பதற்கென்றே வைத்திருந்து எறிந்தாள். மணி அடித்தது. கோச் ஓடிவந்து அவள் முகமூடிக் கம்பியோடு சேர்த்துக் கொஞ்சினாள். நீக்கிலாப்பிள்ளை கண்ணாடிச் சுவரை அடித்த அடியில் காவலாளியே வந்துவிட்டான்.

"அடியுங்கோ அப்பா, உடையாது!" என்று ஐஸில் நின்று கத்தினாள் அன்ரனெற்.

திங்கட்கிழமை விலா நீலம்பாரித்தபடியே வேலைக்குப் போனாள். உடுப்பு மாற்ற முதலே மனேஜரிடம் போய் ஏப்ரலில் ஒரு கிழமை லீவு கேட்டாள். சுகமில்லையா என்றான் அவன்.

"இல்லை," என்றாள். "கோலுக்கு நிக்கவேணும்."