நிலையில் பதிந்த மூன்று விரல்

பச்சை வெட்பாலை இலையைக் கத்தி படாமல் கையால் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு, பாட்டிலை ஏழு நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் நாவற்பழ நிறத்துக்கு மாறி ஒரு கசப்பு மணம் வரும். அந்த மணம் வந்தால் இன்றைக்கும் என் கண் முதலில் வாசலைத்தான் பார்க்கிறது.

ஜெகதாப்பட்டினத்து உப்புக் காற்றில் சின்ன வயதிலேயே என் தோல் வறண்டு வெடிக்கும். சோப்புப் பட்டால் எரியும். யூனிஃபார்ம் காலர் உரசினால் ரத்தம் கசியும். பள்ளிக்கூடத்தில் எனக்குச் "செதில் மீனு" என்று பட்டம். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அம்மா அந்த எண்ணெயைத் தேய்த்துவிட்ட நாட்களில்தான் நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் அப்பா கடலுக்குப் போகிற நாளில், அவர் தெருவைத் தாண்டும் வரை பாட்டிலைத் திறக்கக் கூடாது. எண்ணெய்த் தலை எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காதாம். "அப்பாவுக்கு எதுத்தாப்ல போயிராதடி" என்பாள் அம்மா. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், கடலுக்கு ஆள் அனுப்பாத வீட்டில் சிரிப்பது சுலபம்.

எனக்கு ஒன்பது வயதில், ஒரு சனிக்கிழமை காலை, அப்பா போய்விட்டார் என்று நினைத்து அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்து முடித்தாள். அடையாள அட்டையை மறந்துவிட்டு அப்பா திரும்பி வந்தார். வாசலில் நான், எண்ணெய் வழிய நின்றேன். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அப்பா சிரித்தார். "எம் மகதானே, இதுல என்ன இருக்கு?" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். அதில் மூன்று விரல் ஊதாவாகப் பதிந்தது.

மறுநாள் மற்றப் படகுகள் வந்தன. அப்பா போன படகு வரவில்லை. இலங்கை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தோம். பிடிபட்டவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு நம்ப ஒன்றுமில்லை.

அம்மா என்னை ஒரு சொல் சொன்னதில்லை. எண்ணெய் மட்டும் போடவில்லை. தோல் வெடித்த போதெல்லாம், எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நிலைக்குப் பெயிண்ட் அடிக்கவும் அவள் விடவில்லை. பிறகு ஒரு புயலில் வீட்டோடு அதுவும் போயிற்று.

இப்போது புதுக்கோட்டையில் இருக்கிறோம், அம்மாவும் எங்களோடுதான். என் மகளுக்கும் அதே தோல். ஆயுர்வேத டாக்டரின் சீட்டுக்குக் கடைக்காரர் எடுத்து நீட்டியது அதே ஊதா எண்ணெய். படித்தவள், ஆபீஸ் போகிறவள், இருந்தும் கணவரின் பைக் சத்தம் தெருமுனையில் தேயும் வரை நான் மூடியைத் திறப்பதில்லை. மகளும் கேட்கத் தொடங்கினாள்: "அப்பா போயிட்டாங்களாம்மா? வெளிய வரலாமா?"

போன வாரம் அதைக் கேட்ட அம்மா விறுவிறுவென்று வந்து பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கினாள். பேத்தியின் தலையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்து, அப்படியே வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"மாப்ள, செத்த நில்லுங்க. பிள்ளையப் பாத்துட்டுப் போங்க."

ஹெல்மெட்டோடு நின்ற அவர் ஒன்றும் புரியாமல் சிரித்து, மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னைக்கி அவசரப்பட்டது நாந்தான். நீ இல்ல."

சாயங்காலம் பைக் சத்தம் கேட்கும் வரை நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.